நடு வரிசை

"இடது காலை முதல்ல வைங்க மாமா. இல்ல, அது வலது. ஆங், அதான். இப்ப அந்தக் கைப்பிடியைப் பிடிங்க."

மாமனார் கைப்பிடியைப் பிடித்தார். அதன்மேல் கையைத் தொங்கவிட்டார் என்று சொல்வதுதான் சரி. அந்தப் பெரிய வண்டியின் வாசல் அவள் நினைத்ததைவிட உயரமாக இருந்தது. பின்னாலிருந்து அவள் கணவன் அப்பாவின் இடுப்பைத் தாங்கியிருந்தான். அத்தை முன்னதாகவே உள்ளே ஏறி அந்தப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, குழந்தையை வாங்கிக்கொள்பவளைப்போல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு சொல்றேன், தூக்கு," என்றான் கணவன்.

மூன்று சொல்வதற்குள் மாமனார் உள்ளே இருந்தார். இந்த நோய் வந்த பிறகு அவரைத் தூக்குவது காலிப் பெட்டியைத் தூக்குவதுபோல ஆகிவிட்டது. கனக்கும் என்று நினைத்துக் கொடுத்த விசையில் அது எகிறிக்கொண்டு மேலே வந்துவிடும்.

"கொஞ்சம் ஒசரம்தான்," என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஆனா ரயில் பெட்டி அளவுக்கு இல்ல."

"சார், கீழ ஒரு படி தனியா வரும். கேட்டா போட்டுக் குடுத்துடுவோம்," என்றாள் ஷோரூம் பெண். வண்டியைக் காலையில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்திருந்தாள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஈரத்துணி. யாராவது கதவைத் தொட்டால் தொட்ட இடத்தைத் துடைத்துவிடுவாள். வாங்குபவர்கள் யார், வேடிக்கை பார்ப்பவர்கள் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய தொழில். இந்த வீட்டு வாசலில் மட்டும் அவளால் எதையும் சொல்ல முடியவில்லை என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

மாமனார் ஒவ்வொருவருக்கும் இடம் சொல்ல ஆரம்பித்தார். "பெரியவளும் சின்னவனும் கடைசி வரிசை. சண்டை போட்டா ரெண்டு பேரையும் அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடுவேன். ஷோரூம் அம்மா முன்னாடி. ஏம்மா, நீ இந்தப் பக்கம் வா."

கடைசியாகச் சொன்னது மருமகளுக்கு.

"ஜன்னலோரம் வேணாமா மாமா? காத்து வரும்."

"ஜன்னலோரம் எதுக்கு? நடுவுல உக்காந்தா ரெண்டு பக்கமும் ஆள் இருக்கும்."

அவள் ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஏழு இருக்கைகள், ஏழு பேர். ஓர் இடமும் மிச்சமில்லை.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'செக்கர்'. அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களை உட்காரவைத்த மனிதர். அவருடைய குடும்பம் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர்களை ஒரு பெட்டியில் ஏற்றிவிட்டு அவர் வேறு பெட்டியில் வேலையாக இருப்பார். நடுவழியில் வந்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, சொந்தப் பெண்டாட்டியிடமே "டிக்கெட்?" என்று கை நீட்டுவார். ஒரு தடவை அத்தை டிக்கெட்டை எங்கோ வைத்துவிட்டுப் பை முழுவதையும் இருக்கையில் கொட்டித் தேடியிருக்கிறாள். கிடைக்கும்வரை மனிதர் நகரவில்லையாம். பெட்டியே சிரித்ததாம். "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கல்யாணமாகி வந்த புதிதில் இந்தக் கதையை அத்தை அவளிடம் கோபமாகத்தான் சொன்னாள். பிறகு சொன்ன ஒவ்வொரு முறையும் கோபம் கொஞ்சம் குறைந்து, இப்போது சிரிக்காமல் சொல்லி முடிக்க முடியாத கதையாகிவிட்டது.

ஓய்வு பெற்று வந்தால் எல்லோருமாகச் சேர்ந்து போகலாம் என்று இருந்தார். வந்து பார்த்தால் வீட்டில் ஆறு பேர், காரில் ஐந்து இடம். பக்கத்தில் எங்காவது போவதென்றால் அவர் முன்னால் உட்காருவார். அத்தை, அவள், பிள்ளைகள் இருவர் என்று நான்கு பேர் பின்னால் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். தூரம் என்றால் யாராவது ஒருவர் வீட்டில் தங்கிவிட வேண்டும். பெரும்பாலும் அவளே தங்கிவிடுவாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். இரண்டு நாள் வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பதும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. போய்த் திரும்பி வந்ததும் மாமனார் அவளிடம் சொல்வது ஒன்றேதான்: "அடுத்த தடவை பெரிய வண்டியா பாப்போம்மா."

அவர் நோயில் படுத்த பிறகுதான் கணவனுக்கு அந்தப் பேச்சு தலைக்கேறியது.

ஏ.சி. பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் அவன். நாளெல்லாம் ஏணிமேல் நின்றுவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வண்டி வண்டியாகப் பார்ப்பான். "இது ஏழு பேர். இது எட்டு. இதுல கடைசி வரிசையை மடிச்சா ஏணியே வைக்கலாம்."

"மடிக்கலன்னா?" என்பாள் அவள்.

"மடிக்கலன்னா ஆள் உக்காரலாம்."

"ஆள் உக்காந்தா பெட்டி வைக்க இடம் இருக்கா? ரெண்டு பைதான் நிக்கும். நான் பாத்தேன்."

"மேல கேரியர் போட்டுக்கலாம்."

"நம்ம தெருவுல அதைத் திருப்ப முடியுமா? எதிர்ல ஒரு ஆட்டோ வந்தாலே நீங்க பின்னாடியே போகணும். வருஷத்துல எத்தனை தடவை ஆறு பேரும் ஒண்ணா போயிருக்கோம், சொல்லுங்க. மத்த நாளெல்லாம் நீங்க ஒருத்தரு, இவ்ளோ பெரிய வண்டில, கடைக்கும் வீட்டுக்கும்."

"வண்டி இல்லாததாலதான் போகல. இருந்தா போவோம்ல?"

இப்படியே போகும். அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அது அவனுக்கும் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் அவன், "புக் பண்ணா மூணு மாசத்துல வந்துடுமாம். கேட்டுட்டேன்," என்றான்.

அவள் தண்ணீர் ஜாடியை எடுத்து, நிரம்பியிருந்த டம்ளரிலேயே மறுபடி ஊற்றப் போனாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்தைய வாரம்தான் டாக்டர் அவர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, இனிமேல் ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். எத்தனை நாள் என்று இவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று மாதம் என்ற சொல் மேசைமேல் கிடந்தது. அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனான்.

மறுநாள் காலை அவன் ஷோரூமுக்குப் போன் பண்ணி, வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டான். வயசானவர் இருக்கிறார், அவர் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றான். எதற்காக என்று அவள் கேட்கவில்லை. அத்தையும் கேட்கவில்லை. அத்தை அவருடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

வண்டி தெருமுனையைக் கடந்தது. கணவன் முதலில் தயங்கித் தயங்கித்தான் ஓட்டினான். பெரிய சாலைக்கு வந்ததும் தோள் இளகியது.

"எங்கேப்பா போலாம்?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"எங்கேயும் வேணாம். சும்மா ஓட்டு."

ஷோரூம் பெண் மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தாள். "கடைசி வரிசைக்கும் தனியா ஏ.சி. வரும் சார். முன்னாடி குளிருது, பின்னாடி வேர்க்குதுன்ற பிரச்சினையே இல்ல. நடு வரிசை சீட் முன்னாடி பின்னாடி நகரும். பின்னாடி பெரியவங்க உக்காந்தா இதைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கலாம்..."

"சின்னவனே, கால் எட்டுதா?" என்று மாமனார் கேட்டார்.

"முட்டி இடிக்குது தாத்தா."

"யாருக்கு முட்டி, உனக்கா எனக்கா?"

"எனக்கு. உங்க சீட்ல இடிக்குது."

"அது என் முதுகுடா. நல்லா இடி. அந்தப் பக்கம் எனக்கு உணர்ச்சியே இல்ல."

பெரியவள் சிரித்தாள். மாமனாரும் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக முடிந்தது. அவருக்குத் திரும்பிப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்போல. கழுத்து பாதிதான் திரும்பியது. ஷோரூம் பெண் அதைக் கவனித்துவிட்டு, கூரையில் ஒரு மூடியை அழுத்தினாள். உள்ளிருந்து சின்னதாக, புடைத்தாற்போல ஒரு கண்ணாடி கீழே இறங்கியது.

"இதுல பாருங்க சார். பின்னாடி பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னு பாக்கறதுக்காக வச்சது. எல்லாரும் தெரிவாங்க."

எல்லோரும் தெரிந்தார்கள். கணவனின் நெற்றி, ஷோரூம் பெண்ணின் தோள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, அவள், அதற்கும் பின்னால் குட்டி குட்டியாக இரண்டு பிள்ளைகள், நடுவில் அவர். மாமனார் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவன் கண்ணாடியைப் பார்த்து நாக்கை நீட்டினான். மாமனாரும் கொஞ்சம் நாக்கை நீட்டினார்.

"நல்ல வண்டிப்பா," என்றார்.

"பிடிச்சிருக்காப்பா?"

"ம். இடிச்சுக்காம உக்காந்திருக்கோம்ல."

அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வலிக்குக் கொடுத்த மருந்து தூக்கத்தைத்தான் கொண்டுவரும். வண்டி குலுங்கியதில் அவர் கை அவள் மடியோரம் வந்து விழுந்தது. அவள் அதை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

யார் கையைப் பிடித்தாலும் அவள் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போய்விடும். தொழில் பழக்கம். இந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதென்றால் மாமனார் அவளைத் தவிர வேறு யாரிடமும் கையை நீட்டமாட்டார். "என் மருமக குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸிடமே சொன்னவர். மற்றபடி அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவருக்கு அவளிடம் மரியாதை, அவளுக்கு அவரிடம் கொஞ்சம் பயம். ஊசி போடும் நேரத்தில் மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி, "ஆச்சா? ஆச்சா?" என்பார். போன மாதத்திலிருந்து அந்தக் கையில் நரம்பே அகப்படவில்லை.

நாடி மெதுவாக இருந்தது. நூல்போல வந்து, தயங்கி, மறுபடி வந்தது. ஷோரூம் பெண் பிரேக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவள் பின்னாலிருந்து, இதில் பாட்டுப் போட முடியுமா என்று கேட்டாள். நாடி ஒரு முறை வந்தது. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். நின்றுவிட்டது என்று அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்தது வரவில்லை, அவ்வளவுதான்.

அவள் விரலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் பார்த்தாள். அழுத்தினாள். அழுத்தத்தைத் தளர்த்தினாள். அவர் மார்பைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை அசையாமல் இருந்தது.

"ஏங்க," என்று வாயைத் திறந்தாள்.

அதே நேரம் அவன் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முந்தி முடித்ததும் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவன் முகம் அப்படி இருந்து அவள் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! கல்யாணமான புதிதில் முதல் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றானே, அந்த முகம்.

"என்ன சொல்ற? பெரிய வண்டி, ஓட்ட முடியாதுன்னியே. எப்படிப் போகுது பாத்தியா?"

பின்னால் பிள்ளைகள் இருவரும் அவள் பதிலுக்குக் காத்திருப்பதுபோல இருந்தது.

"நல்லா போகுது," என்றாள்.

"அப்பா தூங்கிட்டாரா?"

"ம்."

அவ்வளவுதான். சொல்லிவிட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. நிறுத்தச் சொல்லலாம். ஓரமாக நிறுத்தி, பிள்ளைகளை வெயிலில் இறக்கி, சாலையோரத்தில் வைத்து, கூட்டம் கூடி... எதற்கு? செய்ய எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்விடலாம். அடுத்த திருப்பத்தில் இடது பக்கம் ஒடித்தால் வீட்டுக்குப் போகும் வழி வந்துவிடும். அதுவரைக்கும்தானே. அவள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அத்தையின் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

திருப்பம் வந்தது. கணவன் வேகத்தைக் குறைத்தான்.

"இப்பவே வீட்டுக்குத் திரும்பிடாதப்பா," என்றாள் அத்தை. குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "பாலத்து வழியா சுத்திக்கிட்டுப் போ."

"பாலமா? அது ரொம்பச் சுத்தும்மா. உனக்கு இடுப்பு வலிக்கும்."

"வலிக்கல. உக்கார நல்லாத்தான் இருக்கு. போ."

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அத்தை மாமனாரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவிழ்ந்திருந்த மேல் பொத்தானை ஒரு கையாலேயே மாட்டினாள். பிறகு புறங்கையால் அவர் கன்னத்தைத் தொட்டு, கொஞ்சம் திறந்திருந்த வாயை மெதுவாக மூடினாள். அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதெல்லாம் முடிந்த பிறகு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மருமகளின் கைக்குள் இருந்த அவர் கையைப் பார்த்தாள். தலையை மிக லேசாக அசைத்தாள். இருக்கட்டும் என்பதுபோல.

"பாட்டி, தாத்தா தூங்கிட்டாரா?" சின்னவன் கேட்டான்.

"ஆமாடா கண்ணு. முட்டியால இடிக்காம உக்காரு."

வண்டி பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீர் அகலமாக, பழுப்பாக, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. ஷோரூம் பெண், "இந்த மாதிரி ஏத்தத்துல கூட ஏழு பேரோட இழுவை குறையாது சார், நீங்களே..." என்று சொல்லிக்கொண்டே கூரைக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். வாக்கியம் பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி, அந்தச் சின்னக் கண்ணாடியை உள்ளே தள்ளி மூடினாள். அதன் பிறகு வண்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கணவன்தான் பேசிக்கொண்டே வந்தான். விடுமுறைக்கு எல்லோருமாக மலைப்பக்கம் போகலாம் என்றான். விடியற்காலையில் கிளம்பிவிடலாம். அப்பாவுக்கு முடியாவிட்டால் நடு இருக்கையைச் சாய்த்துப் படுக்கவைத்துக்கொண்டே போய்விடலாம். "நீயும் வரணும். லீவு கிடைக்கல அது இதுன்னு சொல்லக்கூடாது," என்று கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னான்.

"வரேன்," என்றாள்.

வீட்டுத் தெருவில் அவன் வண்டியைத் திருப்பினான். அவள் முடியாது என்று சொன்ன அதே திருப்பம். ஒரே வீச்சில் திருப்பி வாசலில் சுவரோரமாக நிறுத்தினான்.

"ஒரே திருப்புல! பாத்தியாப்பா?" என்றான். திரும்பிப் பார்க்கவில்லை, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மா, சீட்டை மடி. நாங்க எப்படி இறங்கறது?" என்றாள் பெரியவள் பின்னாலிருந்து.

இந்த வண்டியின் குறை அதுதான். நடு வரிசையில் இருப்பவர்கள் இறங்கி, இருக்கையை மடித்தால்தான் கடைசி வரிசைக்காரர்களுக்கு வழி. அவள் அந்தக் கையை விடவில்லை. அதற்குள் ஷோரூம் பெண் கதவைத் திறந்து குதித்து, பின்பக்கமாக ஓடினாள். பின் கதவு முழுவதுமாக மேலே எழுந்தது.

"இப்படி வாங்க. சீட்டுக்கு மேல தாண்டி வாங்க. ஜாலியா இருக்கும்," என்றாள் பிள்ளைகளிடம். அவள் குரல் நடுங்கியது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டே இருக்கையின் முதுகைத் தாண்டிக் கீழே குதித்தார்கள்.

"போய் கதவைத் திறந்து ஃபேனைப் போடுங்க," என்றாள் அத்தை உள்ளிருந்தபடியே. அவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

கணவன் சுற்றிவந்து நடுக்கதவைத் திறந்தான். "நீ இறங்கு. நான் அப்பாவைத் தூக்கிக்கறேன்."

அவள் இறங்கவில்லை.

"ஏங்க," என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அம்மாவின் தோளில் சாய்ந்து, காலர் பொத்தான் போட்டு, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்போல இருந்தார்.

பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. தெருவை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றது வண்டி. அவன் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்து, "ஒரு நிமிஷம்," என்பதுபோலக் கையைக் காட்டினான். ரொம்பப் பணிவாகக் காட்டினான். காட்டிய கையைக் கீழே இறக்க மறந்து அப்படியே நின்றான். மறுபடி ஹாரன் அடித்தபோது, வண்டியின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்பாவின் செருப்புக் காலுக்குப் பக்கத்தில். ஷோரூம் பெண் ஆட்டோக்காரனிடம் போய் ஏதோ சொன்னாள். ஆட்டோ என்ஜினை அணைத்தது.

மதியத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. ஷோரூம் பெண் உடனே போய்விடவில்லை. யாரும் கேட்காமலே நாற்காலிகளை எடுத்துப் போட்டாள். சுவரோரம் நின்று தன் மேலாளரிடம், வண்டி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது, சாயங்காலம் ஆகும் என்று போனில் பொய் சொன்னாள். கிளம்பும்போது கணவன் எழுந்து, "வண்டி விஷயமா நான் அப்புறம்..." என்று ஆரம்பித்தான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்? விடுங்க," என்றாள் அவள்.

வெளியூரிலிருந்து நாத்தனார் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்துவிட்டு, அண்ணனிடம் கேட்டாள். "எப்படிண்ணா? நேத்துகூட என்கிட்ட போன்ல பேசினாரு. வழியிலயா? பக்கத்துல யாரும் பாக்கலையா?"

"தெரியலம்மா," என்றான் அவன். "பாலத்துல வரும்போதுகூட நான் அவர்கிட்ட பேசிக்கிட்டேதான் வந்தேன். மலைக்குப் போலாம்னு சொன்னேன். கண்ணை மூடியிருந்தாலும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான். "கேட்டுக்கிட்டு இருந்தாருல்ல?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"வாசலுக்கு வந்த பிறகுதான்," என்றாள் அத்தை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "வண்டி நின்னுச்சு. நின்ன பிறகுதான்."

"ஆமா," என்றாள் அவளும். "நின்ன பிறகுதான்."

கணவன் தலையை ஆட்டிக்கொண்டான். பல முறை ஆட்டிக்கொண்டான். அதன் பிறகு அவன் அழ ஆரம்பித்தான். அன்று முழுக்க வராத அழுகை. அத்தை கையை நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

மறுநாள் காலையே எல்லாம் முடிந்தது. மின்மயானத்துக்கு வெளியே மரத்தடியில் வண்டிகள் நின்றிருந்தன. வந்தவர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கணவனின் தோளைத் தட்டிவிட்டு, அவரவர் வண்டியை நோக்கி நடந்தார்கள். நாத்தனார் வீட்டுக்காரர் கணக்குப் பார்த்துப் பேசும் மனிதர். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். இவர்களுடைய சின்னக் காரின் கூரையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"பெரிய வண்டி எதுக்கு மச்சான் இனிமே? அஞ்சு பேருக்கு இது தாராளமா போதும்."

அவர் சொன்னது சரிதான். அதை அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. தூரமோ பக்கமோ, இனி யாரும் வீட்டில் தங்கவேண்டியதில்லை.

கணவன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். அத்தைக்கு ஏற வசதியாக இருக்கட்டும் என்று பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டான். அத்தை அந்தக் கதவைக் கடந்து போய்ப் பின்கதவைத் திறந்து ஏறினாள். அவளை ஒட்டிச் சின்னவன் ஏறினான். பெரியவள் ஏறினாள். அவள் மட்டும் ஒரு கணம் வெளியே நின்றாள்.

"அம்மா, நீ முன்னாடி..." என்று தொடங்கிய பெரியவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு உடம்பை ஒடுக்கி நகர்ந்து உட்கார்ந்தாள். சின்னவன் பாட்டி மடிமேல் பாதி ஏறிக்கொண்டான். கிடைத்த இடத்தில் அவளும் ஏறி, தோளை ஒருபக்கமாகச் சாய்த்து, கதவை இழுத்துச் சாத்தினாள். பின்னால் நான்கு பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு விட்டால் அடுத்தவர் விலாவில் பட்டது. யாரும் அசையவில்லை.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்கதவு திறந்தே இருந்தது. வெயில் அந்த இருக்கையின்மேல் விழுந்திருந்தது. கணவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு ஒரு கையைக் காலி இருக்கையின்மேல் ஊன்றி, எட்டிச் சாய்ந்து, அந்தக் கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினான்.